ஈரம் வடிக்கும் பெட்டி

தினசரி காலண்டரின் அட்டையில் அச்சான முருகன் படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து பாருங்கள். வேலின் விளிம்பை விட்டு மெல்லிய நீலக்கோடு ஒன்று தனியே ஓடுகிறதா? உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி மயிரிழை அளவு கீழே இறங்கியிருக்கிறதா? அப்படியென்றால் ‘ரிஜிஸ்டர் விலகிடுச்சு’ என்பார்கள் சிவகாசி அச்சகத்தார். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துதான் அந்த முகம் பிறக்கிறது. நான்கும் அதே இடத்தில் விழ வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பழகிய கண் பிடித்துவிடும்.

பழியை நாம் இயந்திரத்தின் மேல் போடுவோம். பல நேரங்களில் தவறு காகிதத்தினுடையது. காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். இழை ஒவ்வொன்றும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுக்கும். நன்றாக நனைந்த இழை நீளவாக்கில் ஒன்றிரண்டு சதவீதமே கூடுகிறது. பருமனிலோ 15 முதல் 20 சதவீதம் வரை உப்பிவிடுகிறது. ஆலையில் காகிதம் ஓடும்போது இழைகள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படிவதால், தாள் ஒரு பக்கமாக மட்டும் அதிகம் விரிகிறது. 30 அங்குலத் தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தாலே முக்கால் மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். முதல் இரண்டு நிறத்தை மாலையில் ஓட்டிவிட்டு, இரவில் மழை பெய்து, அடுத்த இரண்டை மறுநாள் காலையில் ஓட்டினால் முருகனின் உதடு இடம் மாறாமல் என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனபோதுதான் ஏர் கண்டிஷனர் பிறந்தது. மனிதர்கள் வியர்க்காமல் உட்கார வேண்டும் என்று யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அச்சுத்தாள் நீளாமல் குறுகாமல் இருக்க வேண்டும் என்றுதான் கண்டுபிடித்தார்கள்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட் அண்ட் வில்ஹெல்ம்ஸ் என்ற லித்தோ அச்சகம் இருந்தது. ‘ஜட்ஜ்’ என்ற நகைச்சுவை இதழின் வண்ணப் பக்கங்கள் அங்கே அச்சாயின. கோடையில் கடற்கரை ஊரின் புழுக்கம் ஏறினால் நிறங்கள் விலகும். தாள்கள் வீணாகும், வேலை நிற்கும். பஃபலோ ஃபோர்ஜ் என்ற நிறுவனத்தில் சேர்ந்து ஓராண்டே ஆகியிருந்த வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளரிடம் இந்தச் சிக்கல் வந்தது. 1902 ஜூலை 17 என்ற தேதியிட்ட அவருடைய வரைபடங்களைத்தான் நவீனக் குளிர்சாதனத்தின் பிறப்புச் சான்றாக இன்று காட்டுகிறார்கள். அறைக்குள் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 55 சதவீதத்தில் நிற்க வேண்டும் என்பது அவருக்கு வைக்கப்பட்ட இலக்கு. குழாய்ச் சுருள்களுக்குள் ஆழ்கிணற்று நீரை ஓடவிட்டார். அது போதாதென்று அம்மோனியா கம்ப்ரசரும் சேர்ந்தது. அந்த ஏற்பாடு மொத்தமாகத் தந்த குளிர்ச்சி, நாளொன்றுக்கு 1,08,000 பவுண்டு பனிக்கட்டியை உருக்குவதற்குச் சமம்.

அதே ஆண்டின் இறுதியில், பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் மூடுபனிக்குள் ரயிலுக்குக் காத்திருந்தபோது கேரியருக்கு இன்னொன்று புலப்பட்டது. மூடுபனி என்பது ஈரத்தால் நிரம்பிவிட்ட காற்று. ஆனாலும் அது குளிர்ந்திருப்பதால் அதில் இருக்கும் மொத்த நீராவி குறைவு. அப்படியானால் காற்றைக் குளிர்ந்த நீர்த்தூவலுக்குள் புகுத்தி எடுத்தே அதை உலர்த்தலாம்! நீரால் காற்றை உலர்த்தும் இந்தக் கருவிக்கு 1906 ஜனவரி 2-இல் காப்புரிமை கிடைத்தது. அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த திருப்பங்களுள் இது ஒன்று.

இப்போது சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மழைமறைவில் கிடக்கும் கரிசல் சீமை இது. மானாவாரி விவசாயிக்கு வஞ்சகம் செய்த வானம், வேறு மூன்று தொழில்களுக்கு வாழ்வு கொடுத்தது. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். குச்சியும் மருந்தும் வெயிலில் காய வேண்டிய தொழில் அது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் லித்தோ அச்சு வளர்ந்தது. தீப்பெட்டி மருந்தோடு பழகிய கைகள் மத்தாப்புக்கும் வெடிக்கும் நகர்ந்தன. மூன்றுக்கும் பொதுவான மூலப்பொருள் உலர்ந்த காற்று. அதற்கு யாரும் விலை கொடுத்ததில்லை என்பதால் கணக்குப் புத்தகத்தில் அது ஏறவில்லை.

உப்புகளின் கதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு உப்புக்கும் ஓர் ஈரப்பத எல்லை உண்டு. அதைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசிந்து கரையத் தொடங்கும். சோடியம் நைட்ரேட்டுக்கு அந்த எல்லை சுமார் 74 சதவீதம். பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு 90-க்கும் மேலே. வெடியுப்பு என்று நாம் சொல்வது பொட்டாசியம் உப்பையே; விலை மலிவான சோடியம் உப்பு அந்த இடத்துக்கு வராததற்கு இது முக்கியக் காரணம். அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் புகுந்தால் நமுத்துப்போவதோடு முடியாது. உள்ளுக்குள் மெல்ல வினை நடந்து சூடேறும், சில வேளை தானாகவே பற்றிக்கொள்ளும்.

அதற்காகக் காற்று எவ்வளவு காய்ந்தாலும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. மிகவும் காய்ந்த காற்றில் நிலைமின்சாரம் சேரும். அச்சகத்தில் அது தாளோடு தாளை ஒட்டவைத்து இரண்டிரண்டாக இயந்திரத்துக்குள் இழுக்கும். எரிச்சல்தான், உயிருக்கு ஆபத்து இல்லை. மருந்து அறையில் ஒரே ஒரு பொறி போதும். பருத்தி உடை, தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே நுழையும் வழக்கம் எல்லாம் அதற்காகத்தான். மருந்து கலக்கும் அறைக்குள் மின்கம்பியே போகக் கூடாது என்பதால் அங்கே ஏ.சி.க்கு இடமில்லை. தெர்மோஸ்டாட் ஒவ்வொரு முறை இணைந்து விலகும்போதும் அதன் முனைகளுக்கிடையே சிறு பொறி தெறிக்கும். இந்த வட்டாரத்தில் ஜன்னல் ஏ.சி.யின் இடம் அலுவலகம், பிலிமும் பிளேட்டும் செய்யும் அறை, டிசைன் கம்ப்யூட்டர் அறை, தாள் பதப்படுத்தும் அறை ஆகியவையே.

உலர்ந்த ஊருக்கு ஈரம் வடிக்கும் பெட்டி எதற்கு? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். மே மாதப் பிற்பகல், 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் அப்போது சுமார் 15 கிராம் நீராவி இருக்கும். நவம்பரில் அடைமழை, 27 டிகிரி, 90 சதவீதம் என்றால் அது 23 கிராம். 25 டிகிரியும் 55 சதவீதமும் உள்ள அறையில் இருக்க வேண்டியதோ 13 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. ஆக, காய்ந்ததாகத் தோன்றும் மே மாதக் காற்றிலும் வேண்டியதைவிட நீர் அதிகம்தான்! அந்தக் காற்றை நீர் எடுக்காமல் வெறுமனே 27 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஈரப்பதம் 30-இலிருந்து 60 சதவீதத்துக்கு மேலே தாவிவிடும். குளிர்விப்பது வேறு, உலர்த்துவது வேறு. இரண்டையும் ஒருசேரச் செய்ய வேண்டுமானால் காற்று பனிநிலைக்கு, அதாவது நீராவி நீராகத் துளிர்க்கும் வெப்பநிலைக்கு, கீழே குளிர்ந்த ஒரு பரப்பைத் தொட்டு, அங்கே நீரை விட்டுவிட்டு வர வேண்டும்.

நவம்பர்தான் பெரிய சோதனை. ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். ஆர்டர் குவிந்து, இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுவது அதற்குப் பிந்திய மாதங்களில். வடகிழக்குப் பருவமழை வந்து இறங்குவதும் அதே மாதங்களில்தான். ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஊர், காகிதத்துக்கு உலர்ந்த காற்று மிகவும் தேவைப்படும் வாரங்களில் நனைந்துவிடுகிறது. 1902-இல் புரூக்ளினில் இருந்த சிக்கலும் இதுதான்.

கேரியரின் ஏற்பாடு ஒரு கட்டடத்தையே அடைத்துக்கொண்டது. அதை ஜன்னல் அளவுக்குச் சுருக்க முப்பது ஆண்டு பிடித்தது. ஷூல்ட்ஸ், ஷெர்மன் என்ற இரு அமெரிக்கர்கள் 1931-இல் ஜன்னல் விளிம்பில் வைக்கும் கருவிக்குக் காப்புரிமை கோரினார்கள். அதன் விலை பணக்காரர்களுக்கே கட்டுபடியானது. ஹென்றி கால்சன் என்ற பொறியாளரின் சிக்கன வடிவமைப்புகள் வந்த பிறகு, 1947-இல் அமெரிக்காவில் 43,000 ஜன்னல் ஏ.சி.கள் விற்றன. இந்தியாவில் 1943-இல் தொடங்கிய புளூ ஸ்டார், டாட்டாவும் வோல்கார்ட் பிரதர்ஸும் சேர்ந்து 1954-இல் தொடங்கிய வோல்டாஸ் போன்ற நிறுவனங்கள் இந்தத் தொழிலை வளர்த்தன. ஸ்பிளிட் ஏ.சி. பரவும்வரை வங்கியிலும் வக்கீல் அறையிலும் அச்சகத்திலும் சுவரைக் குடைந்து உட்கார்ந்திருந்தது இந்தப் பெட்டிதான்.

அந்தப் பெட்டிகள் இப்போது பழைய இரும்புக் கடைக்கு வருகின்றன. ஸ்பேனர் போட்டுக் கழற்ற யாருக்கும் பொறுமை இல்லை. செம்புக்குழாய்க்கு எடைக்கு எடை நல்ல விலை என்பதால் குழாயை வெட்டுகிறார்கள். உள்ளே இருந்த கேஸ் ஒரே மூச்சில் வானத்துக்குப் போகிறது. எனக்கு இது மனம் பொறுக்காத காட்சி. ஓர் இயற்பியல் பாடப்புத்தகத்தின் கால்வாசி அந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. அதையும் திறந்து படிக்கும்படியாகவே செய்து வைத்திருக்கிறார்கள்.

முன்பக்க கிரில்லைக் கழற்றி, நான்கைந்து ஸ்க்ரூவை எடுத்துவிட்டு இழுத்தால் மொத்த இயந்திரமும் ட்ரேயோடு வெளியே வந்துவிடும். இன்றைய இன்வெர்ட்டர் ஏ.சி.யில் போர்டு போனால் மெக்கானிக் கையை விரித்துவிடுவார். இதில் போர்டே கிடையாது. அறைப்பக்கம் கூலிங் காயில், தெருப்பக்கம் கண்டென்சர், நடுவில் கம்ப்ரசர். ஒரே மோட்டாரின் இரண்டு முனைகளில் இரண்டு விசிறிகள். காயிலுக்கு முன்னால் மெல்லிய கேப்பிலரி குழாய். அசையும் உறுப்பு ஒன்றுகூட அதில் இல்லை. நீளமும் உள்விட்டமும் மட்டுமே அழுத்தத்தை இறக்கும் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. கண்டென்சர் பக்கம் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டுக்கு மேலே அழுத்தத்தில் வரும் ஆர்-22 என்ற குளிர்பொருள் திரவம், கேப்பிலரியைத் தாண்டியதும் 70 பவுண்டு அளவுக்கு இறங்கி, 5 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். கொதிக்கத் தேவையான வெப்பத்தை அது அறைக்காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. காற்றிலுள்ள நீராவி காயிலில் துளிர்த்து வடிகிறது.

வடிந்த அந்த நீர் வீணாவதில்லை என்பதுதான் இதன் அழகு. பின்பக்க விசிறியின் ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். ட்ரேயில் தேங்கிய நீரை அது அள்ளிச் சூடான கண்டென்சர்மேல் சிதறடிக்கும். நீர் ஆவியாகும்போது கண்டென்சர் குளிர்கிறது, கம்ப்ரசரின் பாரம் குறைகிறது. மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கும் அதே தத்துவம். பெட்டியைத் தெருப்பக்கம் லேசாகச் சாய்த்து மாட்டச் சொல்வதற்கும் இந்த நீர்தான் காரணம். பலர் ‘என்ன சத்தம் இது’ என்று எரிச்சல்படுவது இந்த வளையம் நீரைச் சிலுப்பும் ஓசையைத்தான். ட்ரேயில் துளை போட்டு நீரை வெளியேற்றிவிட்டால் சத்தம் நிற்கும். கூடவே ஒரு நல்ல பொறியியல் யோசனையும் செத்துப்போகும்.

சீரமைப்பு என்றதும் பலர் பெயிண்டிலிருந்து தொடங்குகிறார்கள். பெயிண்ட் கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டியது கம்ப்ரசர். அது செத்திருந்தால் மற்றதெல்லாம் வெறும் அலங்காரம். பவரைத் துண்டித்து, கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்னூட்டத்தை இறக்கிவிட வேண்டும். அணைத்த பிறகும் அது ஆளை உதறிவிடும். கம்ப்ரசரின் மூடியைத் திறந்தால் மூன்று முனைகள்: பொது முனை, ஓட்ட முனை, தொடக்க முனை. பழைய பெட்டிகளில் குறியெல்லாம் அழிந்திருக்கும். மல்ட்டிமீட்டரை வைத்து இரண்டிரண்டாக மூன்று அளவு எடுங்கள். 2, 3, 5 ஓம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அதிக அளவு காட்டும் ஜோடியில் சேராத முனைதான் பொது முனை. அதிலிருந்து 2 ஓம் காட்டுவது ஓட்டச் சுருள், 3 ஓம் காட்டுவது தொடக்கச் சுருள். இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவது அளவுக்குச் சமமாக வந்தால் சுருள்கள் அறுபடவில்லை. எந்த முனைக்கும் கம்ப்ரசர் உடம்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது; இருந்தால் இன்சுலேஷன் எரிந்திருக்கிறது என்று பொருள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் கேஸ் கசிந்திருக்கும். நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். ஆக்சிஜனை ஏற்றவே கூடாது. அழுத்தமுள்ள ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். குழாயில் ஆர்-22 மிச்சமிருக்கும்போது தீ வைத்து ஒட்டினாலும் ஆபத்து. சுடரில் அது சிதைந்து நுரையீரலைத் தாக்கும் அமிலப் புகையாகிவிடும். முதலில் மிச்சக் கேஸை மீட்பு சிலிண்டரில் பிடித்துவிட்டு, நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டபடி ஒட்ட வேண்டும். அப்போதுதான் குழாயின் உட்சுவரில் கரும்பொருக்கு படியாது. அந்தப் பொருக்கு கேப்பிலரியை அடைக்கும்.

அடுத்த வேலை வேக்யூம். அறைக்காற்றின் ஈரத்தோடு போராடும் இந்த இயந்திரத்துக்குத் தன் குழாய்க்குள் ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஆகாது. காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிரும் வேளையில் அந்தத் துளி கேப்பிலரியின் வாயில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும். பெட்டி குளிரும், சிறிது நேரத்தில் குளிர் நிற்கும், அணைத்து வைத்தால் மறுபடி குளிரும். பாதிப் பேர் இதைக் கேஸ் குறைவு என்று தவறாகக் கணித்து மேலும் கேஸை ஏற்றுவார்கள். நாட்பட்டால் நீரும் கேஸும் எண்ணெயும் சேர்ந்து அமிலமாகி மோட்டார்ச் சுருளையே அரிக்கும். 30 டிகிரி வெயிலில் நீரைக் கொதிக்க வைக்கச் சூடு தேவையில்லை. அழுத்தத்தைப் பாதரச அளவில் 32 மில்லிமீட்டருக்குக் கீழே இறக்கினால் தானாகக் கொதித்து ஆவியாகும். நல்ல வேக்யூம் பம்ப் அரை மில்லிமீட்டர்வரை இறக்கும். பம்பை நிறுத்திய பிறகும் அந்த அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை. குழாய்க்குள் மிஞ்சும் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்ற வேண்டும்.

கேஸ் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது. ஆர்-22 ஓசோனைக் கெடுக்கும். அதைவிடப் பெரிய கேடு, ஒரு கிலோ கசிந்தால் ஏறத்தாழ 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடு செய்யும் சூடேற்றத்தை அது நூறாண்டில் செய்துவிடும். 1987-இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. அதன்படி வளரும் நாடுகள் 2030-க்குள் இவ்வகைக் கேஸ்களை நிறுத்த வேண்டும், பழைய கருவிகளின் பராமரிப்புக்கு மட்டும் சிறு அளவு 2040 வரை உண்டு. லீக் இருக்கிற பெட்டிக்கு ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவது பழுதுபார்ப்பே ஆகாது.

‘அதற்குப் பதில் ஹைட்ரோகார்பன் கேஸ் ஏத்திருவோம், நல்லா குளிருது’ என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. குளிரும் என்பது உண்மை. புரோப்பேன் மிகச் சிறந்த குளிர்பொருள். அதற்கென்றே வடிவமைத்த ஏ.சி.கள் கடையில் விற்கின்றன. அவற்றில் கேஸின் அளவு குறைவு, பொறி தெறிக்கும் உறுப்புகளை விலக்கியோ மூடியோ வைத்திருப்பார்கள். பழைய ஜன்னல் பெட்டியின் தெர்மோஸ்டாட்டும் சுவிட்சும் எரியாத கேஸை நம்பிச் செய்யப்பட்டவை. அவற்றின் பக்கத்தில் புரோப்பேன் கசிந்தால் நடக்கப்போவது என்ன என்பதைப் பட்டாசு வட்டாரத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதேபோல் ஆர்-410ஏ என்ற இன்னொரு குளிர்பொருளும் உதவாது. அதன் அழுத்தம் ஆர்-22-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல், பழைய காயில் தாங்காது. வேறு பெட்டிகளிலிருந்து மீட்டுச் சுத்திகரித்த ஆர்-22 கிடைத்தால் ஏற்றுங்கள். கிடைக்கவில்லை என்றால், கம்ப்ரசரை ஓட்டாமல் விசிறியை மட்டும் ஓடவிட்டு, பெட்டியைத் திறந்த நிலையில் ஐ.டி.ஐ. வகுப்பிலோ பள்ளி ஆய்வகத்திலோ வைப்பதே சரி.

தகரம், பெயிண்ட் வேலைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ட்ரேயின் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடியுங்கள். நசுங்கிய அலுமினியத் தகடுகளை அதற்கான சீப்பால் நிமிர்த்துங்கள். கிரில்லின் பெயர்த்தகட்டை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். அது அந்த இயந்திரத்தின் ஆவணம்.

ஓட்டுவதாக முடிவெடுத்தால் எங்கே, எவ்வளவு என்ற கேள்வி வரும். ஒன்றரை டன் பெட்டி 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். பழைய மாடல் அதற்கு மணிக்கு ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் தின்னும். நல்ல இன்வெர்ட்டர் ஏ.சி. சராசரியில் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்ளும். தினமும் தூங்குவதற்கு இதை ஓட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மழைக்காலச் சில வாரங்களுக்குக் காகித அறையில் ஓட்டுவது வேறு கணக்கு. இன்வெர்ட்டர் ஏ.சி. வேகம் குறைந்து ஓடும்போது காயில் அவ்வளவு குளிர்வதில்லை, நீர் எடுப்பது குறைகிறது. பழைய பெட்டி ஓடும்வரை முழு வீச்சில் ஓடி நன்றாக நீர் வடிக்கும். ஆனால் அறைக்கு மிஞ்சிய பெட்டியாக இருக்கக் கூடாது. பெரிய பெட்டி சீக்கிரம் குளிர்வித்துவிட்டுக் கம்ப்ரசரை நிறுத்திவிடும். விசிறி மட்டும் சுழல, காயிலில் இருந்த ஈரம் அறைக்கே திரும்பிவிடும். அச்சுத்தாள் அடுக்கிய அறைக்கு ஒன்றரை டன்னா ஒரு டன்னா என்று தயங்கினால் ஒரு டன்னையே தேர்ந்தெடுங்கள்.

வேலை முடிந்ததும் உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வெப்பமானி வைத்துப் பார்ப்பார்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் நல்லது என்று சொல்வார்கள். மழை நாளில் இந்த அளவு ஆளை ஏமாற்றும். ட்ரே நிரம்பி வெளியே வழியும் நீரையும் ஒரு மணி நேரம் அளவுச் சாடியில் பிடித்துப் பாருங்கள். வளையம் சிதறடித்தது போக மிஞ்சியதுதான் அது, உண்மையில் வடிந்தது அதைவிடக் கூடுதல். நீராவியிலிருந்து ஒரு லிட்டர் நீரை வடிக்க மட்டும் சுமார் 2,450 கிலோஜூல் வெப்பத்தைப் பறித்தாக வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் என்றால் அது 0.68 கிலோவாட், ஒரு டன் பெட்டியின் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. வெப்பநிலை வித்தியாசம் 8 டிகிரிக்குக் கீழே இறங்கி, சாடியில் ஒன்றரை லிட்டர் சேர்ந்திருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். பெட்டி காகிதத்துக்கு வேண்டிய வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது.